வேகத்தடையில் இறங்குகிறவர்கள்

சிகுஜுவா பிறந்தபோது அவளுடைய அப்பா ஊரில் இல்லை. தாங்கா பக்கம் கற்றாழை நார்த் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தார். மனைவி பிள்ளை உண்டாகியிருக்கும் செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. பத்து மாதம் கழித்து மூட்டையும் தானுமாக தார் எஸ் சலாமுக்குத் திரும்பி வந்தவர், வீட்டுக்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டு நின்றார். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். சிகுஜுவா என்றால் அதுதான் அர்த்தம்.

அந்த ஊரில் இப்படிப் பெயர் வைப்பது சகஜம். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அவள் பஸ்ஸில் கண்டக்டர் ஆன பிறகு சிரித்தார்கள்.

"கண்டக்டரம்மா, உங்க பேரு என்ன?"

"சிகுஜுவா."

"வண்டி எங்க போகுது?"

"கரியாக்கூ சந்தை."

"இதெல்லாம் நல்லாத் தெரிஞ்சுதான இருக்கு, அப்புறம் என்ன தெரியாமப் போச்சு?"

ஒன்பது வருஷத்தில் இந்த ஒரே நகைச்சுவையை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு, "உள்ள தள்ளி நில்லுங்க" என்பாள்.

தலாதலா என்று அழைக்கப்படும் அந்தச் சின்ன பஸ்களில் பெண் கண்டக்டர் மிகவும் அபூர்வம். தெற்குச் சாலைத் தடத்தில் அவள் ஒருத்திதான். முப்பது பேர் உட்காரும் வண்டியில் அறுபது பேரை ஏற்றி, தான் கதவில் தொங்கிக்கொண்டு, வண்டியின் தகரத்தைத் தட்டி டிரைவருக்குச் சைகை கொடுக்க வேண்டும். அதற்குக் குரல் மட்டும் போதாது, முழங்கையும் வேண்டும். இரண்டும் அவளிடம் இருந்தன. கணவன் தீவுகளுக்குச் சரக்குப் படகில் போகிறவன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து நான்கு நாள் தூங்கிவிட்டுப் போவான். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, யாரும் அவளிடம் கேட்டதும் இல்லை, அந்த முழங்கைக்குப் பயந்தோ என்னவோ.

டிரைவர் கொம்போ பெம்பா தீவுக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டி ஓட்டும்போது வாய் ஓயாது. முன்னால் போகிற வண்டி, பின்னால் வருகிற வண்டி, நடுவில் புகும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரு விமரிசனம் வைத்திருப்பார்.

அவளுடைய நாற்பதாவது வயதில் நகரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. பெரிய நீளப் பஸ்கள் வரப் போகின்றன, அவற்றுக்குத் தனிப் பாதை போடப் போகிறார்கள், புகை இருக்காது, எரிவாயுவில் ஓடும், சின்ன வண்டிகளை நகரத்துக்குள் விட மாட்டார்கள் என்றார்கள். இன்னும் ஒரு கல்கூட நடவில்லை. ஆனால் பஸ் முதலாளி பயந்துபோய், விலை விழுவதற்கு முன்னால் என்று வண்டியை மொரோகோரோவில் ஒருவருக்கு விற்றுவிட்டார். கொம்போவுக்கு ஒரே வாரத்தில் வேறு வண்டி கிடைத்தது. சிகுஜுவாவுக்குக் கிடைக்கவில்லை. "நாப்பது வயசுப் பொம்பளையக் கதவுல தொங்கவிட்டா ஜனங்க என்னையத் திட்டுவாங்க" என்றார் ஒரு முதலாளி. அவள் போண்டேனியில் தன் வீட்டுப் பக்கத்திலேயே எண்ணெய்ச் சட்டி வைத்து மரவள்ளிக்கிழங்கு வறுத்து விற்க ஆரம்பித்தாள்.

போண்டேனி என்றால் பள்ளம். பெயருக்கேற்றபடி அது தெற்குச் சாலைக்குக் கீழே ஒரு பெரிய குழிபோலக் கிடக்கிறது. சாலையிலிருந்து பஞ்சுக் கிடங்கின் மதிலை ஒட்டி ஒரு குறுகிய மண்பாதை இறங்கும். அது வீடுகளுக்கு நடுவே போய், ஒரு கிளை மருத்துவமனையின் பின்வாசலிலும் இன்னொரு கிளை துணி தைக்கும் தொழிற்சாலையிலும் முடியும். மருத்துவமனையைப் பெருக்குகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், தையல்காரிகள் எல்லாருக்கும் அதுதான் வழி. ஆனால் பாதை தொடங்கும் இடத்தில் பஸ் நிறுத்தம் கிடையாது. நிறுத்தம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி முச்சந்தியில் இருந்தது.

பாதை தொடங்கும் இடத்தில் இருந்தவை மூன்று வேகத்தடைகள். பஸ் அங்கே எப்படியும் ஊர்ந்துதான் ஆக வேண்டும். அந்த ஊர்தலில் ஜனங்கள் குதித்து இறங்குவார்கள். முகம் முன்பக்கம், இடதுகால் முதலில், தரையைத் தொட்டதும் இரண்டடி ஓட்டம். போண்டேனிக் குழந்தைகள் நடக்கப் பழகியதுமே இதையும் பழகிவிடும். நிறைமாதக்காரிகள் இருந்தால் டிரைவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக்குவார், ஆனால் நிறுத்த மாட்டார். மூன்றாவது தடைக்கு அப்பால் வெள்ளை உடுப்புப் போட்ட போக்குவரத்துப் போலீஸ்காரர் நின்றுகொண்டிருப்பார். நிறுத்தமில்லாத இடத்தில் சக்கரம் நின்றால் அபராதம்.

சிகுஜுவா கிழங்கு வறுத்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில்தான் கணக்கெடுப்பு வந்தது. புதிய பஸ் பாதையில் நிலையங்களை எங்கே கட்டுவது என்று முடிவு செய்வதற்காக, எங்கே எத்தனை பேர் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எண்ண ஆட்கள் தேவைப்பட்டார்கள். முன்பு பக்கத்து வீட்டில் இருந்த பிலிதான் சேதி கொண்டுவந்தாள். அவள் கரியாக்கூ பக்கம் குடிபோய், தினமும் பஸ்ஸில் வந்து மருத்துவமனையில் பிரசவ வார்டைத் துடைக்கிறவள். சிகுஜுவாவோடு சின்ன வயதிலிருந்து சண்டை போட்டுப் போட்டே சிநேகிதியானவள்.

"எண்ணத் தெரிஞ்ச ஆளு வேணுமாம்டி. நீதான் ஒன்பது வருஷமா தலையை எண்ணியிருக்கியே."

"என் பேரைக் கேட்டா வேலை குடுப்பாங்களா?"

"வேற பேரைச் சொல்லு. 'எல்லாம் தெரியும்'னு சொல்லு."

கணக்கெடுப்பை நடத்திய இளைஞர் பெயர் கைஜாகே. புக்கோபா பக்கத்துக்காரர், இஞ்சினியர், இருபத்தெட்டு வயது இருக்கும். சட்டையைப் பேண்டுக்குள் செருகி, எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி பேசுவார். வேலைக்கு வந்த மற்ற மூன்று பேரும் கல்லூரி முடித்தவர்கள். சிகுஜுவாவிடம் அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"வண்டியில கூட்டம் நெரியும்போது, யாரு ஏறினாங்க, யாரு இறங்கினாங்கன்னு எப்படிம்மா எண்ணுவீங்க?"

"காலைப் பாத்து எண்ணுவேன். தலையைப் பாத்தா மறைக்கும். படியில காலு மறைக்காது."

அன்றைக்கே வேலை கிடைத்தது.

ஆளுக்கொரு கைப்பேசி கொடுத்தார்கள். அதில் இரண்டு பொத்தான்கள், ஏறியவருக்கு ஒன்று, இறங்கியவருக்கு ஒன்று. பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். சக்கரம் நின்றால்தான் பச்சையாகும், அழுத்தினால் எண் ஏறும். முதல் நாள் காலை வேகத்தடை வந்தது. கண்ணெதிரே பத்தொன்பது பேர் குதித்து இறங்கினார்கள். பொத்தான் சாம்பலாகவே இருந்தது. அவள் விரலால் குத்திக் குத்திப் பார்த்தாள். கைப்பேசியைப் பொறுத்தவரை அங்கே ஒருவரும் இறங்கவில்லை.

சாயங்காலம் கைஜாகேயிடம் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அம்மா, நிக்காத இடம் எப்படி நிறுத்தம் ஆகும்?"

"நிக்கலைன்னாலும் இறங்குறாங்களே."

"ஓடுற வண்டியிலேருந்து குதிக்கிறது சட்டப்படி தப்பு. அதை நான் அறிக்கையில எழுத முடியாது. வண்டி நிக்கிற இடத்தை மட்டும் போடுங்க, போதும்."

"ஒரு நாள் வந்து நின்னு பாருங்களேன்."

"வரேன், வரேன்" என்றார். அவருக்கு அப்போது ஏழு சாலைகளின் கணக்கு கையில் இருந்தது. வரவில்லை.

சிகுஜுவா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கொம்போ ஓட்டும் வண்டியில் தன் முறை வந்தபோது, டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரெண்டாவது மேட்டுல சக்கரத்தை ஒரு நொடி நிறுத்துங்க."

"ஏன், அங்க என் மாமியார் வீடா இருக்கு?"

"நிறுத்துனாத்தான் இந்தப் பொத்தான் உசுரு பெறும். அங்க எத்தனை பேரு இறங்குறாங்கன்னு நான் எழுதணும்."

"வெள்ளைச்சட்டை அங்கயே நிக்கிறாண்டி. சீட்டு எழுதுவான்."

"ரெண்டாவது மேட்டுக்கும் அவருக்கும் நடுவுல தண்ணி லாரி நிக்குதுண்ணே. தெரியாது."

கொம்போ கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "பேரை மாத்திக்க நீ. உனக்குத் தெரியாததுன்னு ஒண்ணும் இல்ல" என்றார். ஆனால் நிறுத்தினார். ஒரு நொடி, இரண்டு நொடி. பொத்தான் பச்சையானது. இறங்கிய கால்கள் இருபத்திரண்டு ஜோடி. அவள் இருபத்திரண்டு தடவை அழுத்தினாள்.

கொம்போ மற்ற டிரைவர்களிடமும் சொல்லிவைத்தார். அவள் இருக்கிற வண்டி மட்டும் வேகத்தடையில் ஒரு நொடி நிற்கும். இரண்டு வாரத்தில் போண்டேனி என்ற இடம் முதன்முறையாக ஒரு கைப்பேசிக்குள் இருக்க ஆரம்பித்தது. அவள் பிலியிடம் சொன்னாள். பிலி பிரசவ வார்டு முழுக்கச் சொன்னாள். நமக்கு நிலையம் வரப் போகிறது என்று தையல்காரிகள் பேசிக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மூன்றாவது வாரம் மழை பிடித்தது. மதிலோரப் பாதை சேறானது. குதித்தால் வழுக்கும் என்று நாலைந்து பேர் அங்கே இறங்காமல், முச்சந்தி வரை போய் இறங்கிக் குடையோடு திரும்பி நடந்தார்கள். சிகுஜுவாவுக்கு அவர்களுடைய முகம் தெரியும், வீடு தெரியும். பாதை நன்றாக இருந்தால் இவர்களும் இங்கே இறங்குகிறவர்கள்தானே என்று நினைத்தாள். பதினெட்டு பேர் இறங்கினார்கள், இருபத்திரண்டு என்று போட்டாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் மழை நின்றுவிட்டது. பாதையும் காய்ந்துவிட்டது. ஆனால் அவளுடைய விரல் நிற்கவில்லை. வாரக் கடைசியில் ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்தாறு பேரைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆறு பேர் யார் என்று கேட்டிருந்தால் இப்போது அவளாலும் சொல்லியிருக்க முடியாது.

நான்காவது வாரம் அவள் போகிற வண்டிகளில் பருமனான ஒரு ஆள் மூன்று நாள் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள் விரித்திருந்தது. பக்கத்தைத் திருப்பவே இல்லை. இதைக் கவனித்தும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கைஜாகே அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"மத்த மூணு பேரு கணக்குல அந்த வேகத்தடையில ஒருத்தர்கூட இறங்கல. உங்க கணக்குல மட்டும் வண்டி நிக்குது, ஜனம் இறங்குது. ஏம்மா?"

"அவங்க வண்டி நிக்கல. என் வண்டி நின்னுச்சு."

"ஏன் நின்னுச்சு?"

"நான் நிக்கச் சொன்னேன்."

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, குடிக்காமல் மூடினார். "சரி. அதைக்கூட நான் விளக்கம் கேட்டு எழுதிக்குவேன். செவ்வாய்க்கிழமை ஏழேகால் வண்டி. நீங்க இருபத்தாறுன்னு போட்டிருக்கீங்க. நம்ம ஆளு பக்கத்துல உக்காந்து எண்ணினாரு. இருபது."

அவள் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாள்.

"புதன்கிழமை இருபத்தஞ்சு. அவருக்குப் பத்தொன்பது. உங்க வீடு எங்கம்மா?"

"போண்டேனி."

"அந்தப் பாதையிலயா?"

"அந்தப் பாதையிலதான்."

"பாத்தீங்களா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "இருபது பேரு இறங்கினாங்கங்கிறதை இப்ப நானே நம்புறேன். ஆனா எழுத முடியாது. உங்க பேரு உள்ள எல்லாத் தாளையும் எடுத்துடச் சொல்லிட்டாங்க."

கைப்பேசியை மேஜையில் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். வேகத்தடையில் குதிக்கவில்லை. முச்சந்தியில் இறங்கி, அந்த ஒரு கிலோமீட்டரையும் திரும்பி நடந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு பிலி கேட்டதற்கு, "கால் வரல" என்று மட்டும் சொன்னாள்.

பிலியிடம் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வேலை முடிந்துவிட்டது என்றுதான் சொல்லிவந்தாள். சொன்னபோது பிலி தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"ஆறு பேரைச் சேக்கப் போயி, மொத்த போண்டேனியையும் அழிச்சுட்டியேடி."

"தெரியாமப் போச்சு பிலி."

"உங்கப்பன் உனக்குச் சரியாத்தான் பேரு வெச்சான்" என்றாள் பிலி. ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் சாலை தோண்டுவதிலேயே போனது. வேகத்தடைகளைப் பெயர்த்தெடுத்தார்கள். நடுவில் இரண்டு தடங்களைத் தனியாகப் பிரித்து இருபுறமும் இரும்பு வேலி போட்டார்கள். சின்ன பஸ்களை வெளிப்புறச் சாலைகளுக்குத் தள்ளினார்கள். ஒருநாள் நீளப் பஸ்கள் வந்தன. அவை நல்ல பஸ்கள்தான், போண்டேனிக்காரர்கள் யாரும் அதை மறுத்ததில்லை. கரியாக்கூ போக இரண்டு மணி நேரம் ஆனது போய் முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வெள்ளைத் துணி கட்டிப் போனால் வெள்ளையாகவே திரும்பலாம். யாருடைய அக்குளிலும் முகத்தைப் புதைக்க வேண்டியதில்லை. ஆனால் நிலையம் முச்சந்தியில் இருந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கவும் வழியில்லை. கதவு தானாக மூடிக்கொள்ளும். இறங்கியவர்கள் சாலையோரச் சாக்கடையின் சுவர் மேலேயே வரிசையாக ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் மூடிச் சுவர் தெரியாது. தையல் தொழிற்சாலையில் பத்து நிமிஷம் தாமதித்தால் வாசல் மூடிவிடும். மருத்துவமனையில் பிலிக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது.

இரண்டாவது கடிதத்தை அவள் சிகுஜுவாவின் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "இதைப் போட்டு வறு" என்றாள்.

மறுநாள் காலை சிகுஜுவா கிழங்கு வறுக்கவில்லை. முச்சந்திக்குப் போனாள். அங்கே இருபது ஆட்டோக்கள் நின்றன. பாதி டிரைவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்களின் தலைவன் சாண்டே, முப்பத்தைந்து வயது, கறுப்புக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் போட்டிருப்பவன்.

"தம்பி, காலையில போண்டேனிக்கு ஏன் போறதில்ல?"

"எவன் வரான் போண்டேனிக்கு? ஒரு ஆளு வரும், இன்னொரு ஆளுக்காகக் காத்துக் கிடக்கணும். அது பேரமும் பேசும்."

"அஞ்சே முக்கால் பஸ்ஸுல தையல்காரிங்க வருவாங்க. ஆறேகாலுக்கு மருத்துவமனைக்காரங்க. ஆறு நாப்பதுக்குத் திரும்பவும் தையல். ஒன்பதுக்கு நோயாளிங்க. அந்தந்த நேரத்துக்கு மட்டும் வண்டியை வரிசையா வை. நாலு பேரு ஏறினதும் கிளப்பு. நான் ஆளு சேத்துத் தரேன்."

"அக்கா, நீ யாரு, போக்குவரத்து மந்திரியா?"

"தெற்குச் சாலையில ஒன்பது வருஷம் கண்டக்டரு."

"அப்ப பேரு?"

சொன்னாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், "சிரிச்சுட்டு வா, நேரமாகுது" என்றாள்.

ஐந்தே முக்கால் பஸ் வந்தது. நிலையத்தின் வாசலில் நின்று அவள் குரல் கொடுத்தாள். ஆறு வருஷமாக எழும்பாத குரல் முதலில் கரகரத்தது, பிறகு சரியாயிற்று. "போண்டேனி! பின்வாசல், தையல், பின்வாசல், தையல்!" ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் பதினோரு ஆட்டோக்கள் நிரம்பிப் போயின. சாண்டே கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துத் துடைத்தான்.

ஒரு மாதத்தில் நாற்பது ஆட்டோக்கள் வர ஆரம்பித்தன. அவளுக்கு நாள் கூலி உண்டு, தேநீரும் சப்பாத்தியும் உண்டு. பிலிக்கு மூன்றாவது கடிதம் வரவில்லை. ஆனால் நாற்பது ஆட்டோக்கள் வாசலில் நின்றால் முச்சந்தி என்ன ஆகும்? நீளப் பஸ்களே திரும்ப முடியாமல் நின்றன. புகார் போயிற்று. பார்வையிட ஒருவர் வந்தார். வயிறு கொஞ்சம் வைத்திருந்தது, கையில் அதே மாதிரி ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

கைஜாகே அவளை அடையாளம் கண்டுகொள்ள நேரம் ஆனது. அவளுடைய குரலுக்குத் திரும்பியவர், முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க... காலைப் பாத்து எண்ணுறவங்க."

"ஆமா இஞ்சினியரே."

இருவரும் சற்று நேரம் ஆட்டோக்களைப் பார்த்தார்கள். ஆட்டோக்களில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

"காலையில மொத்தம் எத்தனை பேரு போண்டேனிக்குப் போறாங்க?"

"என் வாயால எண் சொல்ல மாட்டேன். நீங்களே நின்னு எண்ணிக்கங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சட்டை அழுக்காகுமே என்று பார்க்காமல் சாக்கடைச் சுவர் மேல் ஏறி நின்றார். அன்றைக்கு ஐந்தே முக்கால் பஸ் போன பிறகு வந்தவர், மறுநாளும் அதற்கு மறுநாளும் ஐந்தரைக்கே வந்தார். மூன்றாம் நாள் முடிவில் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"சராசரி எழுநூத்தி முப்பது. காலையில மட்டும்."

"ம்."

"ஒண்ணு சொல்லட்டுமா? அன்னைக்கு நீங்க அந்த ஆறு பேரைச் சேக்காம இருந்திருந்தீங்கன்னா, நான் எப்படியாவது போராடி அந்தப் பாதை முனையிலயே நிலையம் வாங்கியிருப்பேன்."

"நீங்க அன்னைக்கே ஒரு காலை வந்து இந்த மாதிரி நின்னிருந்தீங்கன்னா, நான் சேத்தே இருக்க மாட்டேன்."

சாண்டே இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். கைஜாகே நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்துப் பலன் தெரிந்தது. கிடங்கு மதிலை இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் பாதையை அகலப்படுத்தினார்கள். முச்சந்தி நிலையத்திலிருந்து பின்வாசல் வரை இரண்டு சின்ன பஸ்கள் விட்டார்கள், மின்சாரத்தில் ஓடுகிறவை. நீளப் பஸ்ஸில் எடுத்த சீட்டே அதற்கும் செல்லும். போண்டேனியில் முதல் நாள் குலவை போட்டார்கள். பிலி வாயில் விரல் வைத்து விசில் அடித்தாள்.

சாண்டேயின் ஆட்கள் விசில் அடிக்கவில்லை. இலவசமாக ஒரு பஸ் போகும்போது ஆட்டோவில் எவன் ஏறுவான்?

"எங்களுக்கு வழி காட்டினதும் நீதான், அந்த வழியை அடைச்சதும் நீதான்" என்றான் சாண்டே.

"நான் எண்ணே சொல்லல தம்பி."

"அவரைச் சுவத்துல ஏத்தி விட்டது யாரு? நானே தேநீரு வேற குடுத்தேன். என் கையை வெட்டிக்கணும்."

ஆட்டோக்காரர்கள் நோன்பு மாதம் முடியும்வரை அவளோடு பேசவில்லை. அவளுடைய நாள் கூலியும் போயிற்று. அவள் அதை அநியாயம் என்று சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் பேசியிருப்பேன் என்று பிலியிடம் சொன்னாள். பிறகு நிலைமை தானே கொஞ்சம் சரியாயிற்று. இரண்டு பஸ்கள் காலை நேரத்துக்குப் போதவில்லை. ஒன்று அடிக்கடி மின்னேற்ற நின்றுவிடும். மதியத்தில் நோயாளிகள் பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஆட்டோக்கள் பதினைந்து தங்கின, மற்றவை வேறு நிலையங்களுக்குப் போயின. பெருநாளன்று சாண்டே ஒரு தட்டு பிலாவு கொடுத்தனுப்பினான். தட்டைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் பிலியும் அரைநாள் விவாதித்தார்கள்.

கொம்போவை அவள் ஒருமுறை நீளப் பஸ்ஸில் பார்த்தாள். பயிற்சி முடித்து, நீலச் சட்டையும் கழுத்துப் பட்டியும் போட்டு, கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசி நிலையத்தில் அவள் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"முதுகுவலி போச்சு. மாசச் சம்பளம். தண்ணியில வழுக்குற மாதிரி ஓடுது" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "திட்டுறதுக்குத்தான் ஒருத்தனும் கிடைக்க மாட்டேங்குறான். தனிப் பாதை பாரு. நாள் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருக்கேன், பொண்டாட்டிக்கு என்னமோ சீக்குன்னு சந்தேகம்."

அந்த வருஷக் கடைசியில் கைஜாகேயிடமிருந்து ஆள் வந்தது. விமான நிலையச் சாலையில் இன்னொரு கணக்கெடுப்பு. இந்தத் தடவை ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குகிறவர்களையும் எண்ண வேண்டும், அதற்குத் தனிப் பொத்தான் வைத்திருக்கிறோம், நீங்கள் வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். சிகுஜுவா நேரில் போனாள்.

"வரேன். ஆனா ஒவ்வொரு வண்டியிலயும் ரெண்டு பேரை உக்கார வைங்க."

"உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா."

"எனக்கு அவ்வளவு இல்ல இஞ்சினியரே."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

இப்போது அவள் காலை ஐந்து மணிக்கு விமான நிலையச் சாலையில் இருக்கிறாள். ஜோடியாகக் கிடைத்திருப்பவர் முவான்சா பக்கத்து ஆள், முன்பு பள்ளி வாத்தியார், பேச்சு குறைவு. அவர் தலையை எண்ணுகிறவர், அவள் காலை எண்ணுகிறவள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இரண்டு பேரும் எண்ணை வாய்விட்டுச் சொல்வார்கள். வேறுபட்டால் அந்த ஓட்டத்தைக் கழித்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். இதுவரை ஐந்து தடவை வேறுபட்டிருக்கிறது. நேற்று ஒன்று வித்தியாசம் வந்தது. இறங்கிய ஒரு பெண்ணின் முதுகில் கட்டியிருந்த குழந்தையை அவர் எண்ணியிருந்தார், இவள் எண்ணவில்லை. அதை எப்படிப் போடுவது என்று அலுவலகத்துக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.